சின்ன எண்ணைப் பாருங்கள்

வேட்டை ரைபிளுக்கு ஸ்கோப் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரரும் கூட்டாளிகளும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: ஜூம் நிறைய இருக்கட்டும், முன்லென்ஸ் பெரிதாக இருக்கட்டும், குழல் தடிமனாக இருக்கட்டும், தூரத்துக்குத் தகுந்தபடி திருகிக்கொள்ள மேலே டரெட் இருக்கட்டும், ஒருமுறை காசைக் கொட்டிவிட்டால் பிறகு கவலையில்லை. கண்ணாடி அலமாரியில் 3-9x40 என்று ஒன்றும் 5-25x56 என்று ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், கண் தானாக அந்த 25-இல் போய் நிற்கும். முதலாவது புதுப்பையனுக்கு, இரண்டாவது விவரம் தெரிந்தவருக்கு என்பது எழுதாத சட்டமாகிவிட்டது.

இந்தச் சட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை. 1000 மீட்டரில் அட்டையைச் சுடுகிறவர்களுக்கு அது பொருந்தும். காட்டில் உயிருள்ள விலங்கைச் சுடுகிறவருக்கு அது கெட்ட அறிவுரை. அந்த எண்களில் முதலாவது ஸ்கோப்பின் குறைந்தபட்ச உருப்பெருக்கம், அடுத்தது அதிகபட்சம், கடைசி எண் முன்லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். எல்லோரும் பெரிய எண்ணுக்குக் காசு கொடுக்கிறார்கள். சின்ன எண்ணைப் பார்த்து வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

பொத்தாம்பொதுவாகப் பேசினால் இந்த வழக்கை எந்தப் பக்கமும் இழுக்கலாம். அதனால் ஒரு காட்டை வைத்தே பேசுவோம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், டார்கோ, மேன்ஸ்ஃபீல்ட் போன்ற ஊர்களைச் சுற்றிய மலைக்காடு. அங்கே பெரிய வேட்டை என்றால் கடமான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மிளா என்றும் இலங்கையில் மரை என்றும் சொல்கிறோமே, அதே மான்தான். 1860-களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுபோய் விடப்பட்டவற்றின் வாரிசுகள் இன்று அந்த மலை முழுக்கப் பரவியிருக்கின்றன. இந்தியாவில் இன்று 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடினால் சிறை. விக்டோரியாவில் உரிமம் எடுத்தவர் ஆண்டு முழுவதும் பதுங்கிப் போய் அதை வேட்டையாடலாம். அதற்கும் விதிகள் உண்டு: ரைபிள் .270 காலிபருக்குக் குறையக் கூடாது, தோட்டா 130 கிரெயின் எடைக்குக் குறையக் கூடாது, சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழிந்தபின் சுடக் கூடாது.

கடமான் வெட்டவெளியில் நின்று காட்சி தருகிற விலங்கு இல்லை. பகலில் பள்ளத்துப் புதரில் படுத்துக்கிடக்கும். விடியலிலும் அந்தியிலும் மேய வெளியே வரும். மர உயரப் பெரணிக்கும் கறுப்பான அடிமரத்துக்கும் நடுவில் அதன் காதோ பின்தொடையோ மட்டும் தெரியும். நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன் அது உங்களைப் பார்த்திருக்கும், அல்லது மோப்பம் பிடித்திருக்கும். சுடக் கிடைக்கும் தூரம் பல நேரம் 100 மீட்டருக்குள். கிடைக்கும் அவகாசம் சில நொடிகள். ஸ்கோப் இந்த நிலைமைக்கு உதவ வேண்டும். கடை வெளிச்சத்தில் எதிர்ச் சுவரில் இருக்கும் சின்ன எழுத்தைப் படிப்பது அதன் வேலை இல்லை.

பெரிய ஜூம்காரர்களின் முதல் வாதம் நல்ல மனதிலிருந்து வருகிறது. பெரிதாகத் தெரிந்தால் சரியான இடத்தில் சுடலாம், மிருகம் துடிக்காமல் சாகும் என்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். 4 மடங்கு ஸ்கோப்பில் 200 மீட்டரில் நிற்கும் மான், வெறுங்கண்ணுக்கு 50 மீட்டரில் நிற்பது போலத் தெரியும். கடமானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஒரு சாணுக்கு மேல் அகலம், 25 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டரில் 25 செ.மீ. இடம் தெரியாதவர் போக வேண்டியது கண் டாக்டரிடம், ஸ்கோப் கடைக்கு அல்ல.

அதற்கு மேல் கூட்டக் கூட்டக் கிடைப்பது நடுக்கத்தின் தரிசனம். ரைபிள் ஆடும் ஆட்டம் 4-இலும் ஒன்றுதான், 20-இலும் ஒன்றுதான். ஆனால் 20-இல் அது முகத்தில் அறைகிற மாதிரி தெரியும். மலையேறி மூச்சிரைக்கும் ஆளுக்குக் குறுக்குக்கோடு மானின் தோளை விட்டு வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருக்கும். உள்ளே வரும் அந்த நொடியைப் பிடித்துவிட வேண்டுமென்று அவர் விசையை வெடுக்கென்று இழுப்பார். குறி தவறுவது அந்த வெடுக்கில்தான். 4 மடங்கில் பார்க்கிறவருக்கு அதே ஆட்டம் தோளுக்குள்ளேயே அடங்கித் தெரிவதால் பதறாமல் விசையை அழுத்துவார்.

அமெரிக்காவில் ‘அவுட்டோர் லைஃப்’ இதழில் பல்லாண்டுகள் துப்பாக்கிகளைப் பற்றி எழுதிய ஜாக் ஓ'கானர், மலையாடு வேட்டைக்குப் பேர்போனவர். பள்ளத்தாக்கைத் தாண்டிச் சுட வேண்டியிருக்கும் வேட்டை அது. அவர் தூக்கிக்கொண்டு திரிந்த .270 ரைபிளில் இருந்தது ஜூமே இல்லாத 4 மடங்கு ஸ்கோப். இன்று அதைக் கடையில் கேட்டால் அருங்காட்சியகத்துக்கு வழி சொல்வார்கள். ஆடு மாறவில்லை, மலை மாறவில்லை, விளம்பரம்தான் மாறியிருக்கிறது.

கொம்பு எப்படி இருக்கிறது, பின்னால் குட்டி நிற்கிறதா என்று பார்க்கவாவது ஜூம் வேண்டாமா என்று கேட்பார்கள். அதற்குத்தான் கழுத்தில் பைனாகுலர் தொங்குகிறது. ஸ்கோப்பை வைத்துத் தேடுவது என்றால், ரைபிளின் வாயை இன்னும் இன்னதென்று தெரியாத ஒன்றின் மேல் நீட்டுவது என்று பொருள். புதருக்குப் பின்னால் அசைவது இன்னொரு வேட்டைக்காரராக இருந்தால்? பெரிய ஜூம் இந்தக் கெட்ட பழக்கத்துக்குக் கூலி கொடுத்து ஆள் பிடிக்கிறது. ஸ்கோப்பில் மிச்சம் பிடிக்கும் காசை நல்ல பைனாகுலரில் போட்டால் மான் அதிகம் கண்ணில் படும், ஆளுக்கும் ஆபத்து குறையும்.

அடுத்தது, கேட்டவுடன் வாயடைத்துவிடும் வாதம்: “பெரிய ஜூம் வேண்டாமென்றால் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். இருப்பதில் என்ன நட்டம்?” நட்டம் இருக்கிறது. 5-25 ஸ்கோப்பை எவ்வளவு திருகினாலும் 5-க்குக் கீழே போகாது. 5 மடங்கில் 100 மீட்டர் தூரத்தில் சுமார் 7 மீட்டர் அகலம் தெரியும். 25 மீட்டரில் அது 2 மீட்டருக்கும் குறைந்துவிடும். வளர்ந்த கடமானின் உடம்பு அதற்குள் முழுதாக அடங்காது. 2-இல் தொடங்கும் ஸ்கோப்பில் அதே 25 மீட்டரில் மூன்றரை மீட்டர் அகலத்துக்குக் குறையாமல் தெரியும்: மான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, தோள் எது, தொடை எது, நடுவில் குறுக்கே மரம் இருக்கிறதா என்பதெல்லாம் ஒரே பார்வையில் விளங்கும்.

குறைத்து வைக்கலாம் என்பதும் காட்டில் நடப்பதில்லை. ஒரு குளிர்காலக் காலையில் என்னோடு வந்த தம்பி, எதிர்ச் சரிவை ஸ்கோப்பாலேயே துழாவிவிட்டு ஜூமை இறக்க மறந்து நடந்தார். பள்ளத்தில் திரும்பியதும் 40 மீட்டரில் பெரிய ஆண் கடமான். ரைபிள் தோளுக்குப் போனது. சத்தம் வரவில்லை. “என்ன?” என்று கிசுகிசுத்தேன். “வெறும் ரோமமாத் தெரியுதுண்ணே!” என்றார். மான் ஒரு தடவை காலை ஓங்கி உதைத்து, எக்காளம் போல ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டது. அந்தத் தம்பி விவரமில்லாதவர் இல்லை. அட்டையில் என்னைவிட நன்றாகச் சுடுவார். கையில் பெரிய எண் இருந்தால் அதைப் பயன்படுத்தத்தான் தோன்றும், பயன்படுத்தினால் திருப்பி இறக்க மறக்கத்தான் செய்யும்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். இதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. பெரிய முன்லென்ஸ் வெளிச்சத்தை அள்ளித் தரும் என்பார்கள். எந்த ஸ்கோப்பும் வெளிச்சத்தைப் பெருக்குவதில்லை. வந்ததில் கொஞ்சத்தை இழந்துவிட்டு மீதியைக் கண்ணுக்குத் தருகிறது. எவ்வளவு தருகிறது என்பதை நீங்களே அளக்கலாம். ரைபிளில் பூட்டாத ஸ்கோப்பை வானத்துப் பக்கம் காட்டி, கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். பின்லென்ஸில் வெள்ளையாக ஒரு வட்டம் மிதக்கும். ஜூம் வளையத்தைக் கூட்டத் திருப்பினால் அந்த வட்டம் சுருங்கிக்கொண்டே போவதைப் பார்ப்பீர்கள். முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அதுதான் வட்டத்தின் அளவு. 3-9x40 ஸ்கோப்பில் 6 மடங்கில் அது 6.7 மி.மீ.; 25 மடங்கில் வைத்த 50 மி.மீ. லென்ஸில் வெறும் 2 மி.மீ.

இருட்டில் இளைஞரின் கண்பாவை ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும். ஐம்பது வயதைத் தாண்டினால் பலருக்கு 5 மி.மீ. விரிந்தாலே பெரிது. வட்டம் பாவையைவிடப் பெரிதாக இருந்தால் மிச்ச வெளிச்சம் கருவிழியின் ஓரத்தில் பட்டு வீணாகும். சிறிதாக இருந்தால் காட்சி இருண்டுவிடும். ஆக, அந்தி நேரத்தில் 40 மி.மீ. லென்ஸை 6 மடங்கில் வைத்துப் பார்க்கும் ஐம்பது வயதுக்காரருக்கு, 56 மி.மீ. லென்ஸ் அதே 6 மடங்கில் கூடுதலாகத் தருவது ஒன்றுமில்லை. பாவை 6 மி.மீ. விரிந்த ஒருவர் 2 மி.மீ. வட்டத்தைப் பார்த்தால், கண் வாங்கக்கூடியதில் ஒன்பதில் ஒரு பங்குதான் அவருக்குக் கிடைக்கும். இத்தனைக்கும் விவரத்தாளில் அந்தி நேரத் திறன் என்று ஓர் எண் போடுவார்கள்: உருப்பெருக்கத்தையும் லென்ஸ் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது. அதன்படி 25x50 ஸ்கோப்புக்கு 35. ஜெர்மானியர் அந்தி வேட்டைக்கென்றே போற்றும் 8x56-க்கு 21. நிலா வெளிச்சத்தில் இரண்டையும் கண்ணில் வைத்துப் பார்த்தவர் அந்த எண்ணை மறுபடி நம்பமாட்டார்.

ஜெர்மனியை இழுத்ததால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அங்கே 8x56 தவறான தேர்வு இல்லை. அந்த நாட்டின் வேட்டைச் சட்டம் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் இரவு தொடங்குவதாகக் கணக்கு வைக்கிறது. காட்டுப்பன்றியை இரவிலும் சுட விடுகிறது. பரண்மேல் உட்கார்ந்து, கட்டையில் ரைபிளைச் சாய்த்து, நிலவில் பன்றிக்குக் காத்திருப்பவருக்கு 7 மி.மீ. வட்டம் வரம். அதே ஜெர்மானியர், நாய்களை விட்டுப் பன்றியைக் கிளப்பி ஓடவைத்துச் சுடும்போது அந்த ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு 1-இல் தொடங்கும் 24 மி.மீ. ஸ்கோப்பைப் போடுகிறார். வேட்டைக்குத் தக்கபடி கருவியை மாற்றத் தெரிந்தவர்கள் அவர்கள். அரை மணியில் கடை மூட வேண்டிய விக்டோரியாவில் 56 மி.மீ. லென்ஸைச் சுமப்பவருக்கு அந்தக் காரணம் இல்லை. லென்ஸ் பெரிதானால் ஸ்கோப் உயர்ந்து உட்காரும்; கன்னம் ரைபிளின் கட்டையில் படியாது; கண் காட்சியைத் தேடும். மானுக்கு அந்த நேரம் போதும்.

கண்ணுக்கு வரும் வெளிச்சத்தில் உண்மையான வித்தியாசத்தைக் காட்டுவது லென்ஸின் பூச்சு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி காணாமல் போய்விடும். 1935-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மக்குலா கண்டுபிடித்த எதிரொளித் தடுப்புப் பூச்சு இந்த இழப்பை அடைத்தது. இன்று நல்ல பல்லடுக்குப் பூச்சுள்ள ஸ்கோப்புகள் 90 சதவீதத்துக்கு மேல் ஒளியைக் கடத்துகின்றன. ஆகவே காசு கொடுக்கத்தான் வேண்டும். பூச்சுக்கும், குண்டு வெடிக்கும் அதிர்ச்சியில் இடம் பெயராத உள்ளமைப்புக்கும் கொடுங்கள். ஒரே விலைக்கு ஒரு 5-25-உம் ஒரு 2-7-உம் கிடைத்தால், அத்தனை ஜூமையும் அடக்க வேண்டியிருந்த முதலாவதில் எங்கோ கைவைத்திருப்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தடித்த குழல் அதிக ஒளி தரும் என்பதும் கட்டுக்கதை. ஓர் அங்குலக் குழலைவிட 30 மி.மீ., 34 மி.மீ. குழல்களில் குறுக்குக்கோட்டை மேலும் கீழும் நகர்த்த அதிக இடம் இருக்கும். வெகு தூரம் சுடுகிறவருக்கு அது தேவை. கண் விலகினால் குறுக்குக்கோடு இலக்கைவிட்டு நகர்வது போலத் தெரியும் பிழையைச் சரிசெய்ய, பக்கவாட்டில் இருக்கும் பேரலாக்ஸ் திருகும் அப்படித்தான். 100 மீட்டருக்குச் சரிசெய்த 40 மி.மீ. ஸ்கோப்பில், கண்ணை எவ்வளவு கோணலாக வைத்தாலும் 200 மீட்டரில் பிழை 2 செ.மீ. அளவுதான், 300 மீட்டரில் 4 செ.மீ. 25 செ.மீ. இலக்கில் இது ஒரு பொருட்டில்லை. ஜூமோடு சேர்ந்து தடிக்கும் குறுக்குக்கோடு இன்னொரு மோகம். அது குறைந்த ஜூமில் நூலாக மெலிந்து, பெரணி நிழலில் மறைந்துபோகும். அதற்கு 1962-இல் லியூபோல்ட் நிறுவனம் கொண்டுவந்த டூப்ளெக்ஸ் எவ்வளவோ மேல்: வெளியே தடித்து, நடுவில் மெலிந்த எளிய கோடு. நடுவில் சிவப்புப் புள்ளி எரிந்தால் இன்னும் நல்லது. இது ஒன்றில் மட்டும் புதுமைக்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கடைசியாக அவர்களின் பெரிய ஆயுதம்: தூரம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் 400 மீட்டரில் மான் நிற்கிறது. டரெட்டைத் திருகி, 20 மடங்கில் வைத்துச் சுடுவேன் என்கிறார்கள். ஸ்கோப் தூரத்தைக் காட்டும், காற்றைக் காட்டாது. மணிக்கு 16 கி.மீ. பக்கக்காற்று .308 ரைபிளின் தோட்டாவை 400 மீட்டரில் 40 செ.மீ. அளவுக்குத் தள்ளிவிடும். அதாவது தோளைக் குறிவைத்தால் குடலில் படும். மலைப்பள்ளத்தில் காற்று நேராகவும் வீசாது. காலையில் மேலேறும், அந்தியில் கீழிறங்கும், நடுவில் சுழலும். தோட்டா போய்ச் சேர அரை நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். சரி, பட்டே விட்டது என்று வைத்துக்கொள்வோம். சுட்டவர் இறங்கி ஏறி அந்தச் சரிவைச் சேர ஒரு மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து பார்த்தால் எல்லா மரமும் ஒரே மரம்தான். பிளாக்பெரி முள்ளுக்குள் முதல் ரத்தத் துளி எங்கே என்று தேடுவதற்குள் இருட்டிவிடும். தூரச் சுடுதலை நியாயமான வேட்டைக்கு எதிரானதாக அமெரிக்காவின் பூன் அண்ட் கிராக்கெட் சங்கம் பார்க்கிறது. தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய, வேட்டைக்காரர்களே நடத்தும் சங்கம் அது. வேட்டை பிடிக்காதவர்களின் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது.

டரெட் இல்லாமல் 300 மீட்டர் வரை எப்படிச் சுடுவது என்ற கேள்விக்கு ஓ'கானர் எப்போதோ விடை சொல்லிவிட்டார். 130 கிரெயின் தோட்டா போட்ட .270 ரைபிளை 100 கெஜத்தில் மூன்று அங்குலம் மேலே படும்படி ஜீரோ செய்துகொள்ளுங்கள். ஏறக்குறைய 300 கெஜம் வரை குறியை மாற்றாமல் மார்பின் நடுவிலேயே வைக்கலாம். விக்டோரியா சட்டம் கடமானுக்குக் கேட்கும் குறைந்தபட்ச ரைபிளும் அதுதான், தோட்டாவும் அதுதான். அதைத் தாண்டிய தூரத்தில் திருக வேண்டியது டரெட்டை அல்ல. காலை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். காற்றுக்கு எதிராகச் சுற்றி வந்து, 150 மீட்டருக்குள் நெருங்குவதற்குப் பெயர்தான் வேட்டை.

ஆகவே கடைக்குப் போகிறவருக்கு நான் சொல்வது சுருக்கம். முதல் எண் 2-ஐத் தாண்ட வேண்டாம். திறந்த மலைச்சரிவிலும் சுடுகிறவர் என்றால் 3 போதும். மேல் எண் 7-ஓ 9-ஓ 10-ஓ, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முன்லென்ஸ் 33-இலிருந்து 42-க்குள். எடை 400 கிராமைச் சுற்றி. பெரிய 5-25 ஸ்கோப்புகள் பல ஒரு கிலோவை எட்டும், அதைத் தாண்டுவதும் உண்டு. அந்த எடை மலையேறும்போது தோளையும், வெடிக்கும்போது ஸ்கோப்பை ரைபிளில் பிடித்திருக்கும் மவுண்டையும் இழுக்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே 9 செ.மீ.-யாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் புருவத்தில் அரைவட்டத் தழும்போடு வீடு திரும்புவீர்கள். மவுண்ட் திருகாணிகளைக் கைபோன போக்கில் முறுக்காமல், முறுக்கும் விசையை அளக்கும் டார்க் திருப்புளியில் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். ஸ்கோப் கெட்டுவிட்டது என்று கடைக்குத் திரும்பும் பலவற்றில் கெட்டிருப்பது அந்தத் திருகாணிதான்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. கடைக்காரரிடம் கேட்டு, அந்தி நேரத்தில், குளிர்கால ஜாக்கெட்டோடு போங்கள். ரைபிள் காலி என்பதை இருவரும் பார்த்து உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடி அதைத் தோளில் வைத்துக் கன்னத்தைப் படியவிட்டுக் கண்ணைத் திறங்கள். கழுத்தை நீட்டாமல், தலையை ஆட்டாமல் முழு வட்டம் தெரிந்தால் வாங்கலாம். கறுப்பு நிழல் தெரிந்தால், பெட்டியில் எந்த ஜெர்மன் பெயர் எழுதியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். “இதில் 25 மடங்கு இருக்கிறதே” என்று அவர் சொல்வார். கடமானை 25 மடங்கில் பார்த்துச் சுட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அன்று நாம் நிற்கும் இடம் தவறு; ஸ்கோப்பை மாற்றுவதற்கு முன் இடத்தை மாற்றுங்கள், அதற்குச் செலவு கிடையாது.